முட்டுக் கொடுக்கிறவர்கள்: டர்பன் 2009க்கு ஒரு மறுவாசிப்பு

கொஞ்ச நாள் முன்னாடி இந்தத் தளத்தில் தெண்டாய் ம்டவரிரா பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் 'பீஸ்ட்'. 2009ல் டர்பனில் பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக, ஃபில் விக்கரி என்ற இங்கிலாந்துக்காரரை ஸ்க்ரமில் அவர் அப்படியே தூக்கிப் போட்டார், அதுதான் அவர் வாழ்க்கையின் உச்சம், விக்கரி வாழ்க்கையின் பாதாளம் என்ற ரீதியில் போனது அந்தக் குறிப்பு. யூடியூப் துண்டுகளைப் பார்த்துவிட்டு எழுதினால் அப்படித்தான் வரும். பிறகு அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களையும் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். நான் எழுதியதில் பாதி தப்பு என்று தோன்றியது. இது பகுதி மன்னிப்பு, பகுதி விமர்சனம். விமர்சனம் என் மேல் மட்டும் இல்லை, ப்ராப் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுகிற எல்லோர் மேலும்.

ரக்பி பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்க்ரம் என்பது எட்டுக்கு எட்டு பேர் குனிந்து, தோள் கோத்து, எதிரெதிரே முட்டித் தள்ளுவது. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவர் ஹூக்கர், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ப்ராப். ப்ராப் என்றால் நம்ம ஊர்ச் சொல்லில் முட்டு. சாய்கிற சுவருக்கு, காய் பிடித்த வாழைக்குக் கொடுப்போமே, அந்த முட்டு. (இணையத் தமிழில் 'முட்டுக் கொடுக்கிறான்' என்றால் வேறு அர்த்தம் என்று தெரியும். அந்த அர்த்தமும் இந்தக் கட்டுரைக்குக் கொஞ்சம் பொருந்தும், பின்னால் பாருங்கள்.)

இரண்டு ப்ராப்பும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை. இதுதான் முக்கியம். 1ஆம் எண் சட்டை போட்டவர் லூஸ்ஹெட். அவருடைய இடது தோளுக்கு எதிரே யாரும் கிடையாது, தலையும் வெளிப்பக்கம் சும்மா இருக்கும். 3ஆம் எண் டைட்ஹெட். அவருடைய தலை எதிரணியின் லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கும். இரண்டு தோளிலும் சுமை. எதிரணி எட்டுப் பேரின் தள்ளலில் பெரும்பங்கு அவர் கழுத்து வழியாகத்தான் போகும். தேர்ச் சக்கரத்துக்குச் சன்னக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேர் எங்கே நிற்கும், எப்படித் திரும்பும் என்பது அந்தக் கட்டையில் இருக்கிறது. கட்டை சரியாக விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பினால் ஊரே பார்க்கும். டைட்ஹெட் பிழைப்பும் அதேதான்.

டர்பனில் ம்டவரிரா 1, விக்கரி 3. அதாவது நேருக்கு நேர்.

அன்றைக்கு, 2009 ஜூன் 20, ம்டவரிராவுக்கு வயது 23. முதல் சர்வதேச ஆட்டம் ஆடி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதைவிட முக்கியம், அவர் ப்ராப் ஆகியே சில வருஷம்தான். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1985ல் பிறந்து, பள்ளியில் பின்வரிசை ஆட்டக்காரராக, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவராக வளர்ந்தவர். டர்பனின் ஷார்க்ஸ் அணிக்கு வந்ததும் அப்படித்தான். அங்கே பயிற்சியாளர் டிக் மியூர்தான், நீ முன்வரிசைக்குப் போ என்று மாற்றினார். ஓடுகிறவனைப் பார்த்து முட்டாக நில் என்றால் யாருக்கும் கசக்கும். அவருக்கும் கசந்திருக்கிறது. ஆனால் போனார்.

விக்கரி அப்போது 33 வயதுக்காரர். கார்ன்வால் பக்கம் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்ய முறையாகச் சான்றிதழ் பெற்றவர். 2003ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் டைட்ஹெட், 2007 இறுதி ஆட்டத்தில் கேப்டன். இதற்குள் முதுகில் அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன.

முதல் பாதியில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஸ்க்ரம் கூடும்போதெல்லாம் விக்கரி மேல் நோக்கி எழும்புகிறார், மடங்குகிறார், நியூசிலாந்து நடுவர் பிரைஸ் லாரன்ஸின் கை தென்னாப்பிரிக்கா பக்கம் உயர்கிறது. இடைவேளைக்கு 19-7. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிஷத்தில் விக்கரியை வெளியே அழைத்துக்கொண்டார்கள். வேல்ஸைச் சேர்ந்த ஆடம் ஜோன்ஸ் உள்ளே போனார். 26-7 வரை போன ஆட்டம் கடைசியில் 26-21ல் முடிந்தது. ஆட்ட நாயகன் ம்டவரிரா. ஒரு ப்ராப்புக்கு அந்தப் பட்டம் கிடைப்பதே அபூர்வம்.

இதுவரைக்கும் துண்டுப் படங்கள் காட்டும். காட்டாதது எது? ஜோன்ஸ் வந்த பிறகு ஸ்க்ரம் நின்றுவிட்டது. அதே பீஸ்ட், அதே மைதானம், அதே நடுவர். சரி, ஜோன்ஸ் விக்கரியைவிடத் திறமைசாலி என்று முடித்துக்கொள்ளலாமா? கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஹூக்கரும் மாறினார். லீ மியர்ஸ் போய் மேத்யூ ரீஸ் வந்தார். மியர்ஸ் அந்த இடத்துக்கு உடம்பில் சிறியவர். ஹூக்கர் தன் டைட்ஹெட்டோடு இறுக்கமாக ஒட்டி நிற்காவிட்டால் நடுவில் சந்து விழும், எதிரணி லூஸ்ஹெட் அந்தச் சந்துக்குள் உள்நோக்கிச் சாய்ந்து புகுந்துவிடுவார். அப்படிப் புகுந்தால் டைட்ஹெட் நெஞ்சுக்கு அடியில் தோள் போய்விடும். அதன் பிறகு அவர் ஹெர்குலிஸாக இருந்தாலும் மேலே எழும்ப வேண்டியதுதான்.

விதிப்படி நேராகத்தான் தள்ள வேண்டும். ம்டவரிரா நேராகத் தள்ளினாரா? திரும்பத் திரும்பப் பார்த்ததில் என் கணிப்பு: எல்லா ஸ்க்ரமிலும் இல்லை. சிலவற்றில் இடுப்பு வெளியே போய், தோள் உள்ளே சாய்கிறது. அன்றைக்கே லயன்ஸ் தரப்பில் இந்தப் புகார் இருந்தது. ஆனால் அதை வைத்து 'அவர் ஏமாற்றினார்' என்று எழுதுவதும் சோம்பேறித்தனம்தான். நடுவர் எதை விடுகிறார், எதைப் பிடிக்கிறார் என்று முதல் இரண்டு ஸ்க்ரமில் கண்டுபிடித்து, அதற்கேற்ப உடம்பை வைப்பது ப்ராப் தொழிலின் பாதி. 23 வயதுப் பையன் அதைக் கண்டுபிடித்தார், 33 வயது அனுபவஸ்தர் அன்றைக்குப் பதில் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் நடந்தது. மிருக பலம் ஒரு கிழவனைத் தூக்கி எறிந்த கதை அதில் இல்லை.

என் பழைய குறிப்பில் நான் எழுதியது அந்த மிருகக் கதையைத்தான். அந்தப் பெயரே நம்மை அங்கே இழுத்துக்கொண்டு போகிறது. 'பீஸ்ட்' பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவரே விரும்பிச் சுமக்கிற பெயர், அவருடைய அறக்கட்டளைக்குக்கூட அதுதான் பெயர். ஆகவே பெயரைப் பற்றி அவருக்காக நான் கோபப்படப் போவதில்லை. அவர் கையில் பந்து வந்தால் மைதானம் முழுக்க 'பீஈஈஸ்ட்' என்று அடித்தொண்டையில் ஒரு முழக்கம் எழும். முதல்முறை கேட்பவர்களுக்குக் கூட்டம் ஏளனம் செய்கிறதோ என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. என் பிரச்சினை வேறு. அந்த முழக்கம் எப்போது எழுகிறது என்று கவனியுங்கள். பந்தோடு நாலு தப்படி ஓடும்போதுதான். ஸ்க்ரமில் குனிந்து கணக்குப் போடும்போது இல்லை. கூட்டம் கொண்டாடுவது அவர் விட்டுவந்த பழைய வேலையை. அவர் கற்றுக்கொண்ட வேலைக்கு முழக்கம் கிடையாது. எழுத்திலும் இதேதான். 'அசுர பலம்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் கோணம், பிடி, காலடி, மூச்சு எதையும் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு கறுப்பின ஆட்டக்காரர் விஷயத்தில் இந்தக் குறுக்குவழி வெறும் சோம்பேறித்தனத்தோடு நிற்பதும் இல்லை. அவருக்கு உடம்பைக் கொடுத்து மூளையைப் பிடுங்கிக்கொள்கிற பழைய வழக்கம் அதில் இருக்கிறது. தெரிந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செய்தேன்.

இரண்டாவது ஆட்டத்துக்கு வருவோம். ஜூன் 27, பிரிட்டோரியா. லயன்ஸ் முன்வரிசையில் ஜென்கின்ஸ், ரீஸ், ஜோன்ஸ் என்று மூன்று வேல்ஸ்காரர்கள். ஸ்க்ரமில் இந்த முறை கை ஓங்கியிருந்தது லயன்ஸுக்கு. இடைவேளைக்கு 16-8 என்று முன்னிலை. பிறகு ஜென்கின்ஸுக்குக் கன்ன எலும்பு முறிவு, ஜோன்ஸுக்குத் தோள் விலகல். இருவரும் வெளியேற, தள்ளாமல் சும்மா கோத்து நிற்கும் ஸ்க்ரம்தான் மிச்ச ஆட்டத்துக்கு. முன்வரிசைக்கு முறையான ஆள் இல்லாவிட்டால் தள்ளக்கூடாது என்பது விதி. கழுத்து உடைந்துவிடும் என்பதால். கடைசி நொடியில் மோர்னே ஸ்டெய்ன் மைதானத்தின் பாதிக்கும் அப்பாலிருந்து ஒரு பெனால்டியை உதைத்தார், 28-25, தொடர் தென்னாப்பிரிக்காவுக்கு. அந்த உதையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த நாற்பது சொச்சம் நிமிஷம் ம்டவரிராவை ஜோன்ஸ் எப்படி நிறுத்தி வைத்தார் என்பதைப் பற்றி ரொம்பக் கொஞ்சம்.

ஜோன்ஸ் இல்லை. அப்புறம்? மூன்றாவது ஆட்டத்துக்கு, ஜூலை 4, ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில், 3ஆம் எண் சட்டையை மறுபடி விக்கரியிடம் கொடுத்தார்கள். எதிரே 1ஆம் எண் சட்டையில் மறுபடி ம்டவரிரா. நான் முழு ஆட்டங்களையும் பார்க்காதவரை இது எனக்குத் தெரியவே தெரியாது. தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது, தென்னாப்பிரிக்கா அணியில் நிறைய மாற்றங்கள், ஆகவே 'செத்த ஆட்டம்' என்பார்கள். விக்கரிக்கு அது செத்த ஆட்டமா? இரண்டு வாரம் முன்னால் உலகமே பார்க்கக் குலைந்துபோன அதே ஆளோடு, அதே கோணத்தில், மறுபடி தலையைச் செருக வேண்டும். செருகினார். நின்றார். லயன்ஸ் ஸ்க்ரம் அன்றைக்கு முன்னேறியது. 28-9 என்று வென்றார்கள்.

மூன்று ஆட்டங்களில் ஒன்றில் ம்டவரிரா தரப்பு, இரண்டில் எதிர்த்தரப்பு. நம் எல்லோர் நினைவிலும் இருப்பது அந்த ஒன்று. ம்டவரிராவைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. தோற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் பிறகு என்ன ஆனார் என்பது புரியும்.

இதற்கு நடுவே இன்னொரு பழைய ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 2003 நவம்பர் 22, சிட்னி, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தின் முன்வரிசை ஆஸ்திரேலியாவைவிட வலுவானது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட காலம். ஆனால் தென்னாப்பிரிக்க நடுவர் ஆண்ட்ரே வாட்சனுக்கு இங்கிலாந்து ஸ்க்ரம் பிடிக்கவில்லை, பெனால்டி மேல் பெனால்டி கொடுத்தார். எண்பதாவது நிமிஷத்தில் அப்படி வந்த ஒரு பெனால்டியை எல்டன் ஃப்ளாட்லி உதைத்து 14-14 ஆக்கினார். கூடுதல் நேரத்துக்கு விக்கரியை வெளியே எடுத்து, 35 வயது ஜேசன் லெனர்டை உள்ளே அனுப்பினார்கள். லெனர்ட் நேரே நடுவரிடம் போய், நான் முன்னாலும் போக மாட்டேன், பின்னாலும் போக மாட்டேன், ஸ்க்ரம் அசையாது, நீங்கள் விசில் ஊத வேண்டியிருக்காது என்ற தோரணையில் பேசியதாகப் பிரபலமான கதை ஒன்று உண்டு. அசையவில்லை. ஜானி வில்கின்சன் கடைசி நிமிஷத்தில் வலது காலால் உதைத்து 20-17.

ஆக, விக்கரியை நடுவருக்குப் பிடிக்காமல் போவதும், அவருக்குப் பதில் ஒருவர் வந்து 'சரிசெய்வதும்' ஆறு வருஷ இடைவெளியில் இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல்முறை இங்கிலாந்து வென்றதால் அது லெனர்டின் சாமர்த்தியக் கதையானது, விக்கரி கழுத்தில் தங்கப் பதக்கம். இரண்டாம் முறை லயன்ஸ் தோற்றதால் விக்கரியின் அவமானக் கதையானது. உள்ளே ஸ்க்ரமில் நடந்தது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. லெனர்டைச் சும்மா சொல்லக்கூடாது. தச்சு வேலை பார்த்துக்கொண்டே ஆடத் தொடங்கிய தலைமுறை அவர். 1992ல் கழுத்துத் தட்டு பிசகி, இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகும் பன்னிரண்டு வருஷம் அதே கழுத்தை ஸ்க்ரமில் செருகி, 114 ஆட்டங்கள் இங்கிலாந்துக்காக.

ரக்பி யூனியன் அதிகாரபூர்வமாகச் சம்பள ஆட்டமானது 1995 ஆகஸ்டில்தான். விக்கரி அந்த வருஷத்தை ஒட்டி உள்ளே வந்தவர். அதாவது ப்ராப் வேலையை முழுநேரப் பிழைப்பாகச் செய்த முதல் தலைமுறை. வாரம் முழுக்கப் பயிற்சி, பயிற்சியிலும் ஸ்க்ரம், உடற்பயிற்சிக் கூடத்தில் ஏற்றிய எடை, அந்த எடையோடு எட்டுப் பேர் தூரத்திலிருந்து பாய்ந்து மோதுவது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் (இங்கிலாந்தின் பாத் நகரில்) அந்த மோதல் விசையை அளந்தார்கள். 2013ல் விதியை மாற்றி, முதலில் பிடித்துக்கொள், பிறகு சேர், பிறகு தள்ளு என்று வரிசைப்படுத்தியபோது மோதும் விசை சுமார் 25 சதவீதம் குறைந்தது. நல்ல மாற்றம்தான். விக்கரிக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. 2010 அக்டோபரில், மருத்துவர்கள் இனி கழுத்து தாங்காது என்றதும் 34 வயதில் ஓய்வு பெற்றிருந்தார்.

ம்டவரிரா அந்த விதி மாற்றத்துக்கு இரண்டு பக்கமும் ஆடியவர். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஆனால் அவரைப் பற்றிய கட்டுரைகளில் போகிற போக்கில்கூட வருவதில்லை. பாய்ந்து மோதுகிற ஸ்க்ரமில் பெயர் வாங்கியவர், பாய்ச்சலே இல்லாத ஸ்க்ரமுக்கு மாறி, அங்கேயும் ஆறு வருஷம் முதல்தர ஆட்டக்காரராக இருந்தார். வெறும் மோதல் பலம் மட்டும் இருந்தவர்கள் பலர் 2013க்குப் பிறகு காணாமல் போனார்கள். இவர் மறுபடி தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நடுவில் வேறு சோதனைகள். அவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன் இல்லையே, எப்படி நாட்டுக்காக ஆடலாம் என்று 2010ல் அரசியல்வாதிகள் கிளப்பினார்கள். அப்போதைய சர்வதேச ரக்பி விதிப்படி மூன்று வருஷம் வசித்தாலே போதுமானதாக இருந்தது, ஆனால் அந்நாட்டு அரசு கடவுச்சீட்டைக் கேட்டது. அணியில் கறுப்பின ஆட்டக்காரர்கள் போதாது என்ற சண்டை ஒருபக்கம் நடக்கும் தேசத்தில், இருக்கிற ஒரு கறுப்பினத்தவரைப் பார்த்து நீ எங்கள் கறுப்பர் இல்லை என்கிறார்கள். லயன்ஸைச் சாய்த்த ஆட்ட நாயகனிடம் அடுத்த வருஷமே காகிதம் கேட்டார்கள். கடைசியில் அதே ஆண்டு குடியுரிமை வந்தது. பிறகு இதயத் துடிப்பில் கோளாறு. 2012 கடைசியில் பிரிட்டன் சுற்றுப்பயணத்தின் நடுவே ஊருக்குத் திரும்பி சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் தாண்டி 2018 ஜூனில் ப்ளூம்ஃபான்டீனில் நூறாவது ஆட்டம். எதிரணி இங்கிலாந்து.

இனி 2019 நவம்பர் 2, யோகோஹாமா. உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மறுபடி இங்கிலாந்து. மூன்றாவது நிமிஷத்தில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்ளர், சொந்த அணிக்காரர் கை தலையில் பட்டு மயங்கி விழுந்தார். டேன் கோல் உள்ளே வந்தார். 32 வயது, கடைசிக் கால் மணி நேரத்துக்கு வருவதற்காகத் தயாராகியிருந்தவர், இப்போது எழுபத்தேழு நிமிஷம் ஆட வேண்டும். தென்னாப்பிரிக்கா பெஞ்சில் ஆறு முன்வரிசை, பின்வரிசைத் தடியர்கள் காத்திருக்கிறார்கள். அதாவது கோலுக்கு எதிரே முதல் பாதிக்கு ம்டவரிரா, அடுத்த பாதிக்குப் புத்தம்புதுசாக ஸ்டீவன் கிட்ஷாஃப். ஸ்க்ரம் ஸ்க்ரமாக பெனால்டி. ஹான்ட்ரே போல்லார்ட் மட்டும் 22 புள்ளி உதைத்தார். 32-12.

டர்பனையும் யோகோஹாமாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. டர்பனில் ம்டவரிரா எதிராளியைத் தூக்குகிறார், நாடகத்தனமாக இருக்கிறது. யோகோஹாமாவில் அப்படி எதுவும் இல்லை. முதுகு தரைக்குச் சமமாக, கால்கள் சின்னச் சின்ன அடியாக, முதல் தள்ளலில் அவசரமே படாமல் காத்திருந்து, கோலின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிற அந்தக் கணத்தில் போகிறார். நடுவர் ஜெரோம் கார்சேஸுக்குச் சந்தேகம் வர இடமே தரவில்லை. எல்லிஸ் பார்க்கில் நின்ற விக்கரியிடமும் பிரிட்டோரியாவில் தடுத்த ஜோன்ஸிடமும் படித்த பாடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, ஆனால் ஆட்டத்தைப் பார்க்கிறவன் இந்த அளவுக்காவது ஊகிக்கலாம். டர்பனைவிட இதுதான் பெரிய ஆட்டம் என்பது என் கட்சி. ஆட்ட நாயகன் பட்டம் இந்த முறை டுவேன் வெர்மியூலனுக்குப் போனது. சரியான தேர்வுதான், குறையில்லை. அந்த வாரமே ம்டவரிரா சர்வதேச ஓய்வை அறிவித்தார். 117 ஆட்டங்கள். தென்னாப்பிரிக்காவுக்காக அவரைவிட அதிகம் ஆடியவர்கள் அப்போது விக்டர் மேட்ஃபீல்ட், பிரையன் ஹபானா இருவர் மட்டுமே.

கோலுக்கு நடந்தது டர்பனின் மறுபதிப்பு. ஒரே நாளில் ஒரு வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார்கள். இங்கிலாந்து அணியில் அவருக்குக் கதவு சாத்தப்பட்டது. இனி வரமாட்டார் என்றே எல்லோரும் எழுதினார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து, 2023ல் திரும்ப வந்தார். அந்த ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில், பாரீஸில், அதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 3ஆம் எண்ணில் ஆட்டத்தைத் தொடங்கினார். அவர் இருந்தவரை ஸ்க்ரம் குலையவில்லை. அவர் போன பிறகு குலைந்தது. கடைசியில் ஒரு ஸ்க்ரம் பெனால்டியை மறுபடி போல்லார்ட் உதைத்து 16-15. அடுத்த நாள் பேச்சு முழுக்க அந்த உதையைப் பற்றி. கோல் குலையாமல் நின்றதைப் பற்றி ஒரு வரி தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நிற்பதை எழுதத் தெரியவில்லை நமக்கு. விழுவதை எழுதத் தெரிகிறது. ப்ராப்புக்குப் புள்ளிக்கணக்கு கிடையாது, ஓடிய மீட்டர் கணக்கு சொற்பம். அவர் ஒழுங்காக வேலை செய்த நாளில் படம்பிடிக்க ஒன்றுமே இருக்காது. ஆகவே விழுந்த நாள்தான் துண்டுப்படமாகிறது, அதுவே அவர் வாழ்க்கையாகிறது. முட்டுக் கொடுப்பதை வசைச்சொல்லாக மாற்றி வைத்திருக்கிற நமக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்கக் கூடாது.

இதெல்லாம் வெறும் ரசனைத் தகராறு என்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். 2020 டிசம்பரில் ஸ்டீவ் தாம்ப்ஸன், 2003 இறுதி ஆட்டத்தில் விக்கரிக்குப் பக்கத்தில் தோள் கோத்து நின்ற ஹூக்கர், தனக்கு இளவயது மறதிநோய் என்று வெளியே சொன்னார். உலகக் கோப்பை வென்றதே நினைவில் இல்லை என்றார். அப்போது அவருக்கு வயது 42. மூளைக் காயத்துக்காக ரக்பி நிர்வாக அமைப்புகள் மேல் முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்திருக்கும் வழக்கில், 2023 டிசம்பரில் வெளிவந்த பெயர்களில் விக்கரியும் ஒருவர். ஸ்க்ரமால்தான் இது என்று நான் சொல்லவில்லை. தடுப்பாட்டம், மோதல், பயிற்சி எல்லாமே தலையைத் தொடுகிறவைதான். வழக்கு நீதிமன்றத்தின் பாடு. ஆனால் சிட்னி ஆட்டத்தை எனக்கு இருந்த இடத்திலிருந்தே நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்க்க முடிகிறது. அதில் ஆடிய ஒருவருக்கு அது முடியவில்லை. அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர்களுக்குப் பதிலாக நினைவு வைத்திருக்கிறவர்கள் நாமாகிவிட்டோம் என்றால், நான் முன்பு எழுதியது மாதிரி இரண்டு நிமிஷத் துண்டை வைத்து நினைவு வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

பழைய குறிப்பை நீக்கவில்லை. மேலே ஒரு வரி சேர்த்து இந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். டர்பன் ஆட்டத்தின் துண்டுகள் எங்கே தேடினாலும் கிடைக்கும். எல்லிஸ் பார்க் ஆட்டத்தின் முழுப்பதிவு கிடைத்தால் பாருங்கள். புள்ளி, முயற்சி எதையும் கவனிக்க வேண்டாம். ஸ்க்ரம் கூடும்போது மட்டும் படத்தை நிறுத்தி, சிவப்புச் சட்டை 3ஐயும் பச்சைச் சட்டை 1ஐயும் தேடுங்கள். முதல் ஸ்க்ரம் சேர்வதற்கு முன்னால் விக்கரி குனிகிற விதம் டர்பனில் குனிந்த விதம் இல்லை, இன்னும் தாழ்வாக இருக்கிறது. இடது தோள் ஹூக்கரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் சந்தே இல்லை.